திறக்க மறுக்கும் பானெட்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அதன் வேகத்தையும், தாழ்ந்து நீண்ட உருவ அழகையும், கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு செல்லும் உல்லாசத்தையும் வருணிப்பதே வழக்கம். பத்திரிகைகள் விரும்பிக் கேட்பதும் பெரும்பாலும் அதைத்தான். ஆனால் அத்தகைய பழைய கார் ஒன்றைப் பல வருஷங்களாகப் பேணி வைத்திருந்து, விடுமுறை நாட்களில் அதன் அடியில் படுத்து, கையெல்லாம் எண்ணெய்க் கறையோடு எழுந்து வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தால், வேகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிட்டு, பானெட் திறக்காமல் போன நாளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். ஆகையால் இந்தக் கட்டுரையும் வேகத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொள்கிறது.

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஆபிங்டன் என்னும் சிற்றூரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியாகி, ஐந்து லட்சத்துக்கும் அதிகமான எண்ணிக்கையில் விற்பனையான எம்.ஜி.பி. என்ற காரை எடுத்துக்கொள்வோம். 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிரமாதமான ரகசியம் எதுவும் இல்லை. சாதாரணக் குடும்பக் கார்களில் ஓடிய எஞ்சின் வம்சத்தில் பிறந்ததே அதுவும். நம் தெருக்களில் வெகுகாலம் ஓடிய அம்பாசிடர் காரின் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும் அதே வம்சந்தான் என்பதால், அம்பாசிடரில் கைபழகிய மெக்கானிக் ஒருவர் எம்.ஜி.பி.யின் எஞ்சினைக் கண்டு திகைக்கமாட்டார். அவர் திகைக்க நேர்ந்தால் அது பானெட்டுக்கு வெளியே நிற்கும்போதுதான்.

எம்.ஜி.பி.யின் பானெட்டுக்குக் கீல்கள் முன்கண்ணாடிப் பக்கம் இருக்கின்றன. திறப்பது மூக்குப் பக்கம். முன்விளிம்பின் உட்புறத்தில், ஸ்பிரிங் சுற்றிய குட்டையான முளை ஒன்று கீழ்நோக்கி நிற்கிறது. பானெட்டை மூடும்போது இந்த முளை, ரேடியேட்டருக்கு மேலே குறுக்காகச் செல்லும் இரும்புத் தகட்டின் துவாரத்தில் இறங்க, அங்கே காத்திருக்கும் நகரும் தகடு ஒன்று பக்கவாட்டில் வந்து முளையின் கழுத்தைப் பற்றிக்கொள்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள குமிழைப் பிடித்து இழுத்தால், அங்கிருந்து எஞ்சின் அறையைக் கடந்து வரும் கேபிள் அந்தத் தகட்டை நகர்த்துகிறது. முளை விடுபட்டதும் ஸ்பிரிங் பானெட்டை இரண்டு விரற்கடை மேலே தள்ளிவிடுகிறது. அதன் பிறகும், விளிம்புக்கடியில் விரலைவிட்டுத் துழாவி நீக்கவேண்டிய கொக்கி ஒன்று மிச்சம் இருக்கும். ஓடும் வேகத்தில் தாழ்ப்பாள் தவறினால் காற்று பானெட்டைத் தூக்கி ஓட்டுபவரின் கண்ணை மறைத்துவிடும் என்பதற்காக ஏற்பட்ட காவல் அது. முன்புறமிருந்து திறக்கும் பானெட்டுகளுக்கு இவ்விதமான இரண்டாவது பிடிமானம் வேண்டும் என்று, அமெரிக்காவின் 113ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி 1969 ஜனவரி முதல் கட்டாயமாக்கிற்று.

ஆக, முளை, தகடு, கேபிள், கொக்கி என்ற நான்கே நான்கு பொருள்கள். இவற்றுள் எது பழுதுபட்டாலும் எஞ்சின், ரேடியேட்டர், கார்புரேட்டர், பிரேக் எண்ணெய்க் குப்பி ஆகிய அனைத்தும் ஒரே சமயத்தில் கைக்கெட்டாத பொருள்களாகிவிடுகின்றன.

கேபிளின் சுபாவம்

இந்தக் கேபிளுக்கு பௌடன் கேபிள் என்று பெயர். 1896-இல் காப்புரிமை பெற்ற இந்தச் சாதனம் சைக்கிள் பிரேக்கிலும் மோட்டார் சைக்கிள் கிளட்சிலும் நாம் தினந்தோறும் கையாள்வதே எனினும், அதன் தத்துவத்தை நின்று யோசித்தவர்கள் குறைவு. உள்ளே ஓடும் கம்பி மாத்திரம் வேலை செய்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில், கம்பி எவ்வளவு பலத்தோடு இழுக்கப்படுகிறதோ அவ்வளவு பலத்தையும் மேலுறை தன் மீது தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றால்தான் மறுமுனையில் எதுவும் நகரும். உறையின் ஒரு முனை அதன் பிடியிலிருந்து நழுவிவிட்டால், உள்ளேயிருப்பவர் எவ்வளவு இழுத்தாலும் உறை வளைந்து கொடுக்குமே தவிர, தாழ்ப்பாள் அணுவளவும் அசையாது. கம்பி அறுந்துபோயிற்று என்று கைவிடப்பட்ட எத்தனையோ சந்தர்ப்பங்களில் கம்பி நன்றாகவே இருந்து, உறைதான் இடம் பெயர்ந்திருக்கிறது.

குமிழ் இழுப்பவரின் கைக்கு என்ன சொல்கிறது என்பதைக் கவனித்தாலே நோயின் பாதி விளங்கிவிடும். குமிழ் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்தால் கம்பி அறுந்திருக்கவேண்டும், அல்லது தாழ்ப்பாள் முனையில் அதைப் பிடித்திருந்த திருகு தளர்ந்திருக்கவேண்டும். பாறையை இழுப்பது போல் சற்றும் நகராமல் நின்றால், தகடு துருவேறியோ, கிரீஸ் காய்ந்து பிசினாகியோ, முளையின் பாரம் அதன்மேல் கோணலாக அழுந்தியோ இருக்கும். வழக்கம்போல் நகர்ந்து வழக்கமான ஓசையும் கேட்டு, பானெட் மாத்திரம் எழும்பாவிட்டால், தாழ்ப்பாள் திறந்தே இருக்கிறது. ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது கொக்கி விடமாட்டேன் என்கிறது. மூன்று நோய்க்கும் மூன்று விதமான சிகிச்சை இருக்க, பெரும்பாலோர் மூன்றுக்கும் பொதுவாகச் செய்வது குமிழை இன்னும் பலமாக இழுப்பதுதான். நன்றாக இருந்த கம்பியும் அறுந்துபோவது அப்போதுதான்.

இங்கிலாந்தின் சீதோஷ்ணம் இந்த விஷயத்தில் கேபிளுக்குப் பரம சத்துரு. குளிர்காலத்தில் பனிக்கட்டி உறையாதிருக்கச் சாலையில் தூவும் உப்பு, சக்கரங்கள் வாரியிறைக்கும் சேற்று நீரோடு கலந்து காரின் மூக்குப் பகுதியில் சென்று படிகிறது. குளிர்காலத்தின் பெரும்பகுதி பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை கொட்டகையில் மூடிப் போர்த்தப்பட்டு நிற்பதால், கேபிளை இழுப்பாரும் இல்லை. இரும்பு துருவாக மாறும்போது தன் பழைய பருமனைப் போலப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், நேற்றுவரை சரளமாக நகர்ந்த தகடும் உறையும் இன்று ஒன்றையொன்று நெருக்கி இறுகிவிடுகின்றன. வசந்த காலத்தின் முதல் நல்ல வெயிலில் காரை வெளியே எடுக்க வருகிறவருக்கு அப்போதுதான் விஷயம் தெரியவருகிறது.

நிதானமே முதல் உபகரணம்

அனுபவசாலிகள் கையாளும் முதல் உபாயத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். இன்னொரு மனிதர் இருந்தால் போதும். ஒருவர் பானெட்டின் மேல், தாழ்ப்பாளுக்கு நேராக, இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பி வைத்து நிதானமாகக் கீழ்நோக்கி அழுத்தவேண்டும். அதே நேரத்தில் மற்றவர் உள்ளே குமிழை இழுக்கவேண்டும். பானெட்டைத் தூக்கவேண்டிய நேரத்தில் அதை ஏன் அழுத்தவேண்டும் என்று தோன்றலாம். முளையை ஸ்பிரிங் இடைவிடாமல் மேலே தள்ளுவதால், முளையின் தலை அந்தத் தகட்டின் அடியில் அழுந்தி நிற்கிறது. மேலேயிருந்து கொடுக்கும் அழுத்தம் அந்தப் பிணக்கைக் கணநேரம் நீக்கிவிட, தகடு பாரமின்றி நகர்ந்துவிடுகிறது. இறுகிப்போன பானெட்டுகளில் கணிசமான பங்கு இவ்வளவிலேயே திறந்துகொள்ளும்.

அதற்கும் இணங்காவிட்டால், கிரில்லின் இடைவெளி வழியாக நீண்ட மூக்குள்ள குழாயைச் செலுத்தி, துருவை இளக்கும் எண்ணெயைத் தாழ்ப்பாளின் மேல் பீய்ச்சிவிட்டுக் காத்திருக்கவேண்டும். மெல்லிய எண்ணெய் தானாகவே இடுக்குகளில் ஏறிப் பரவும் இயல்புள்ளது; ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். மாலையில் எண்ணெய் விட்டு மறுநாள் காலையில் முயல்கிறவர்கள், ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் இழுத்துப் பார்க்கிறவர்களைவிட அதிகம் வெற்றி பெறுகிறார்கள்.

குமிழ் கையோடு வந்துவிட்டால் வேறு வழி. டாஷ்போர்டுக்கு அடியில் உறையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் முனையைப் பூட்டிக்கொள்ளும் குறடால் கெட்டியாகப் பற்றி, மற்றொரு கையால் உறையை அசையாமல் பிடித்துக்கொண்டு, கம்பியை நேராக இழுக்கவேண்டும். உறையைப் பிடித்துக்கொள்ளும் அந்த இரண்டாவது கை இல்லையென்றால் முதற் கையின் பிரயாசை முழுவதும் வீண் என்பது மேலே சொன்ன தத்துவத்திலிருந்தே விளங்கும்.

கம்பி தாழ்ப்பாளுக்கு அருகில் அறுந்திருந்தால் மாத்திரம் காரின் அடியில் போகவேண்டியிருக்கிறது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். சாவி காரில் இருக்கக்கூடாது. காரின் பாரம் ஜாக்கியின் மேல் அல்லாமல் உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிற்கவேண்டும். மின்விசிறி பொருத்திய கார்களில், சாவியை எடுத்த பிறகும் விசிறி திடீரென்று சுழலக்கூடும் என்பதால் முதலில் பேட்டரியின் இணைப்பைத் துண்டிப்பது விவேகம். எம்.ஜி.பி.யில் இது சிரமமே இல்லை. ஏனெனில் அதன் பேட்டரி பானெட்டுக்குள் இல்லை. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இருக்கிறது. ஆரம்பத்தில் ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டும், 1974 வாக்கில் அவற்றுக்குப் பதிலாகப் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றும் அங்கே குடியிருந்தன. அவ்வாறு துண்டித்துவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னுள்ள சந்தின் வழியே நீண்ட கம்பியையோ திருப்புளியையோ மேலே செலுத்தி, டார்ச் வெளிச்சத்தில் தகட்டைக் கண்டுபிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினால் காரியம் முடிந்தது.

ஒருபோதும் செய்யக்கூடாதது ஒன்றுண்டு. பானெட்டின் விளிம்பில் கடப்பாரையையோ தட்டையான இரும்பையோ நுழைத்து நெம்புவது, தாழ்ப்பாளை ஜெயிப்பதற்கு முன் பானெட்டைக் கொன்றுவிடும். முற்பட்ட எம்.ஜி.பி.களின் பானெட் அலுமினியத்தால் ஆனது. மெல்லிய அலுமினியம் ஒரு தரம் மடிந்தால், பழைய வளைவுக்கு அதைத் தட்டிக் கொண்டுவரக்கூடிய தொழிலாளிகளை இக்காலத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். இருபது ரூபாய்க் கம்பிக்காக லட்சக்கணக்கில் செலவழிக்கும் அவசரக்காரர்கள் எல்லாத் தேசங்களிலும் உண்டு.

எட்டாத தாழ்ப்பாள்கள்

எம்.ஜி.பி.யின் காலத்திலேயே காவெண்ட்ரி நகரத்தில் பிறந்த டி.ஆர்.6 காரின் பானெட் எதிர்த்திசையில் திறக்கிறது. கீல் மூக்கில், தாழ்ப்பாள் முன்கண்ணாடிப் பக்கத்தில். காற்று அதைத் தூக்குவதற்குப் பதிலாக அழுத்தி மூடுவதால் பாதுகாப்பு அதிகம் என்பது வாஸ்தவமே. ஆனால் கேபிள் அறுந்தால் முன்னால் கிரில் வழியாகவும் எட்டாது, கீழிருந்தும் எளிதில் எட்டாது. அதனால் அந்தக் காரை வைத்திருப்பவர்கள் பலர், எல்லாம் நன்றாக இருக்கும்போதே, தாழ்ப்பாளில் இரண்டாவது கம்பி ஒன்றைக் கட்டி, அதன் மறுமுனையை யார் கண்ணிலும் படாத இடத்தில் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். மூல கேபிள் வருஷக்கணக்கில் உழைத்து ஒரு நாள் கைவிடும்போது, அந்த உபரிக் கம்பியை ஓர் இழுப்பு இழுத்தால் போதும்.

1961-இல் ஜினீவா கண்காட்சியில் அறிமுகமான ஈ-டைப் காரில், முன்சக்கர மறைப்புகளும் பானெட்டும் ஒன்றாகவே சேர்ந்து, காரின் நீளத்தில் ஏறக்குறைய பாதி ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்கிறது. ஆரம்பத்தில் வந்த சுமார் ஐந்நூறு கார்களில் அதன் தாழ்ப்பாள்கள் வெளிப்பக்கம் இருந்தன. அவற்றுக்கென்று செய்த தனிச் சாவியால் திருகவேண்டும். பிறகு அவை காருக்குள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, கைப்பிடிகளாயின. ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் இறுகியிருக்கும்போது அவசரப்பட்டுத் தூக்கினால், அத்தனை பெரிய மூடியும் முறுக்கிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயர் காரை அமைத்தவர்களோ இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தீர்மானித்தவர்கள்போல, பானெட்டின் இருபுறத்திலும் வெளியே கொக்கிகளை வைத்துவிட்டார்கள். கேபிளும் இல்லை, அறுவதும் இல்லை. திருடன் திறந்துவிடுவானே என்பார்கள், திறக்கட்டும்.

இந்தப் பழைய கார்களின் அமைப்பில் எத்தனை குறைகள் இருந்தாலும் ஒரு நேர்மை இருந்தது: திறக்கும் சக்தி மனிதனின் கையிலிருந்து வந்தது. கேபிள் அறுந்தாலும் தகடு தகடாகவே அங்கே இருந்தது. எப்படியாவது ஒரு கம்பி முனை அதைத் தொட்டுவிட்டால் அது நகர்ந்தே தீரவேண்டும். என் மனத்தை வெகு நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கும் கவலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சாவி உள்ளே

2004-இல் வெளிவந்த 997 வகை 911 காரைப் பாருங்கள். அதன் எஞ்சின் பின்னால் இருக்கிறது. முன்மூடிக்குக் கீழே சாமான் வைக்கும் இடமும், அதோடு பேட்டரியும் இருக்கின்றன. அந்த முன்மூடியைத் திறப்பது கேபிள் அன்று, மின்சாரம். கார் சில மாதம் ஓடாமல் நின்று பேட்டரி இறந்துவிட்டால், மூடியைத் திறக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பேட்டரியைத் தொடவேண்டும். பேட்டரியைத் தொட மூடியைத் திறக்கவேண்டும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். இதற்கு மாற்றுவழி இல்லாமல் இல்லை. கதவைச் சாவியால் திறந்து, காலடியருகே உள்ள ஃபியூஸ் பெட்டியின் மூடியை அகற்றினால், அங்கே வெளியே இழுக்கக்கூடிய சிவப்பு முனை ஒன்று இருக்கும். வேறொரு பேட்டரியின் நேர்முனையை அதனோடும், எதிர்முனையைக் கதவு வந்து மாட்டிக்கொள்ளும் இரும்புக் கொக்கியோடும் இணைத்தால், திருட்டு எச்சரிக்கை அலறினாலும் அலறும், மூடி திறந்துகொள்ளும். அந்த முனை மூடியைத் திறப்பதற்கு மாத்திரமே. எஞ்சினைக் கிளப்ப அதைப் பயன்படுத்தலாகாது.

உபாயம் புத்திசாலித்தனமானதுதான். ஆனால் அது தெரிந்தவருக்கே உபாயம். எம்.ஜி.பி.யின் தாழ்ப்பாளை ஒருவர் தலையைக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால், யாரும் சொல்லித் தராமலே அதன் செயலைப் புரிந்துகொள்ளலாம். சிவப்பு முனையின் ரகசியத்தைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. யாராவது சொல்லவேண்டும், அல்லது கையேட்டின் பக்கத்தில் படித்திருக்கவேண்டும். இயந்திரத்தைப் பழுதுபார்க்கும் அறிவு கண்ணிலிருந்தும் கையிலிருந்தும் விலகி, உத்தரவு பெற்றவர்களின் செவிக்குள் உபதேசமாகப் புகுந்துகொண்டுவிட்டது என்பதையே நான் பெரிய நஷ்டமாகக் கருதுகிறேன்.

அதற்கு அடுத்த படியையும் காலம் தாண்டிவிட்டது. 1999-இல் ஜெர்மனியில் வந்த அலுமினியச் சிறு கார் ஒன்றில் பானெட்டுக்குக் கீலே கிடையாது. எண்ணெயும் கண்ணாடி கழுவும் நீரும் விடுவதற்கு முன்புறத்தில் சிறு கதவு, அவ்வளவே. ஆனால் அதிலும், வேண்டியவர் இரண்டு பிடிகளை விடுவித்துப் பானெட்டை முழுவதுமாகக் கழற்றி வைக்கலாம். 2021-இல் அதே தேசத்தில் வந்த விலையுயர்ந்த மின்சாரக் கார் ஒன்றிலோ, சொந்தக்காரர் பானெட்டைத் திறக்கவே கூடாது. அது பட்டறைக்கு மட்டும் உரியது. கண்ணாடி கழுவும் நீருக்குப் பக்கவாட்டில் மூடி ஒன்று உண்டு. அதாவது, பணம் முழுவதையும் கொடுத்து வாங்கியவருக்குத் தம் காரின் முன்பாதியில் உள்ள பாத்தியதை, நீர் ஊற்றும் பாத்தியதை.

மின்சாரக் காரின் உயர் அழுத்தக் கம்பிகளுக்கு நடுவே அறியாதவர் கையை விடாதிருப்பது நல்லதென்றும், கேபிளைவிட மின்தாழ்ப்பாள் திருடனுக்குக் கடினமென்றும் பொறியாளர்கள் சொல்கிறார்கள்; அதில் நியாயம் உண்டு. ஆனால் அபாயத்தைக் காட்டி மூடப்படும் ஒவ்வொரு கதவும், அபாயம் இல்லாத இடத்திலும் மூடிக்கிடக்கப் பழகிவிடுகிறது. பானெட்டைத் திறக்காத தலைமுறை எண்ணெய் அளவு பார்க்கத் தெரியாத தலைமுறையாகிறது. எண்ணெய் அளவு பார்க்கத் தெரியாதவர், பட்டறையில் நீட்டப்படும் ரசீதின் எந்த வரியையும் மறுத்துப் பேச வகையற்றவராகிறார். தாழ்ப்பாளில் தொடங்கிய விஷயம் பணப்பையில் முடிகிறது.

1998 கோடையில் அமெரிக்காவில் டிக்கிகளுக்குள் அகப்பட்டுக் குழந்தைகள் பலர் இறந்த பரிதாபத்துக்குப் பிறகு, 2001 செப்டம்பர் முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்களின் டிக்கிக்குள்ளே, உள்ளிருப்பவர் திறந்துகொள்ளும் விசை இருந்தே தீரவேண்டும் என்று விதி வந்தது. இருட்டிலும் ஒளிரும்படி செய்யப்படும் அந்தச் சிறு பிடி, விலையில் அற்பம். தாழ்ப்பாள் எந்த நிமிஷத்திலும் ஒருவரைக் கைவிடக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்ததன் பயன் அது. உயிருக்கு வைத்த அதே முன்யோசனையை உடைமைக்கும் வைப்பதில் என்ன கஷ்டம்? மின்சாரத்தை நம்பாத ஒரு கம்பி, வெளியிலிருந்து எட்டக்கூடிய ஓர் இடம், அந்த இடத்தைப் படத்தோடு சொல்லும் ஒரு பக்கம். இம்மூன்றும் ஒவ்வொரு காரோடும் வரவேண்டுமென்று கேட்பது பேராசையாகாது.

விதி வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியவையும் உண்டு. பழைய கார் வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு இரு முறை தாழ்ப்பாளின் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துப் புதியதைப் பூசி, கேபிள் உறையின் இரு முனைகளும் அவற்றின் பிடிகளில் உறுதியாக நிற்கின்றனவா என்று பார்த்து, இரண்டாவது கம்பி ஒன்றையும் கட்டிவைப்பது நலம். குளிர்காலத்தில் கார் ஓடாவிட்டாலும் பானெட்டையாவது மாதம் ஒரு முறை திறந்து மூடவேண்டும். புதிதாக வாங்கப் போகிறவர்கள், விற்பவர் வேகத்தையும் குதிரைச் சக்தியையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, பேட்டரி செத்துக் கிடக்கும் நாளில் இந்தப் பானெட்டை எப்படித் திறப்பது என்று ஒரு கேள்வி கேட்கட்டும். பதில் வாயால் வந்தால் போதாது, அங்கேயே திறந்து காட்டச் சொல்லட்டும்.